இருபத்தேழாம் கட்டத்துக் கையெழுத்து

6.1.2025, திங்கள்

முதல்வர் அரங்கநாதன் ஊட்டியில் மூன்று நாள் பயிற்சி முடித்துத் திண்டிவனம் திரும்பிவிட்டார். போகும்போது இருமலோடு போனார். வரும்போது ஒரு திட்டத்தோடு வந்திருக்கிறார். இருமலே தேவலை.

திட்டத்தின் பெயர் நற்பண்பு அட்டை. மூன்றாமாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் அட்டை, அதில் நாற்பது கட்டங்கள். ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு கட்டம். என்ன செய்தோம் என்று மாணவர் எழுத வேண்டும். உதவி பெற்றவர் பக்கத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும். நாற்பதும் நிறைந்தால் கல்லூரி தரும் நன்னடத்தைச் சான்றிதழில் 'மிக நன்று'. இருபதுக்கு மேல் இருந்தால் 'நன்று'. அதற்குக் கீழே போனாலும், ஒரே ஒரு பொய்க் கையெழுத்து இருந்தாலும், 'திருப்தி'.

'திருப்தி' அகராதியில் நல்ல சொல்தான். நன்னடத்தைச் சான்றிதழில் அது வந்துவிட்டால், இந்த ஆள் மேல் இரண்டு வழக்காவது இருக்கிறது என்று எல்லாரும் படித்துக்கொள்வார்கள்.

குழுத் தலைவி நான். புள்ளியியல் துறை என்பதால் எனக்கு எண்ணத் தெரியும் என்று முதல்வர் நம்புகிறார். விதிகளையும் நானே எழுதிக் கொடுத்தேன். நான்காம் விதி: குழுவில் இருப்பவர்கள் எந்த அட்டையிலும் கையெழுத்துப் போடக் கூடாது. இது இல்லாவிட்டால் நாளை ரயிலடியில் என் பையைத் தூக்க ஐம்பது பேர் நிற்பார்கள்.

விழுப்புரம் வந்து வீட்டில் சீனுவாசனிடம் சொன்னேன். கட்டிய மனைவி என்றும் பாராமல் சிரித்தார். கணவன்மார்களுக்கும் அட்டை உண்டா என்று கேட்டார்.

8.1, புதன்

கரும்பலகை துடைப்பதும் நற்செயலாம். இன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் ஓடி வந்தார்கள். நான் இன்னும் எழுதிக்கொண்டிருந்தேன்.

10.1, வெள்ளி

முதல்வருக்குப் பெருமை தாங்கவில்லை. திட்டம் தொடங்கி ஐந்து நாளில் 'திறந்திருந்த தண்ணீர்க் குழாயை மூடினேன்' என்று அறுபத்தொரு கட்டங்கள் நிறைந்திருக்கின்றன. தோட்டக்காரர் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுக் களைத்துவிட்டார். தண்ணீரின் அருமை மாணவர்களுக்குப் புரிந்துவிட்டது என்றார் முதல்வர்.

அறுபத்தொரு முறை குழாயைத் திறந்து வைத்தது யார் என்று கேட்டேன். அது வேறு விஷயம் மேடம் என்றார்.

20.1, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்தது. எல்லார் அட்டையிலும் பத்துக் கட்டம் கூடியிருக்கிறது. ஊரில் மாடு குளிப்பாட்டியதற்கு மாடு எப்படிக் கையெழுத்துப் போடும் என்று ஒருவன் நேர்மையாக வந்து கேட்டான். மாட்டுக்காரர் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். இருபத்திரண்டு வருடப் பணியில் நான் எடுத்த முக்கியமான முடிவுகளில் இதுவும் ஒன்று.

22.1, புதன்

காலையில் கிளம்பும் நேரத்துக்குக் கரண்ட் போய்விட்டது. இருட்டில் செருப்பை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன். மாலை வீட்டுக்குள் நுழையும்போது சீனுவாசன் என் காலையே பார்த்தார். இடது காலில் கறுப்பு. வலது காலில் பழுப்பு. தீபாவளிக்கு ஒரே மாதிரியில் இரண்டு நிறம் வாங்கியதன் பலன்.

பழுப்பில் பூ வேறு வைத்திருக்கிறது.

இப்படியே விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை போய், மூன்று வகுப்பு எடுத்து, திரும்பியிருக்கிறேன். மூன்றாமாண்டு வகுப்பில் மேடை மேல் நின்றுதான் பாடம். என் கால் முதல் வரிசையின் கண் மட்டத்தில் இருக்கும். நாற்பத்தாறு பேர். ஒருவர் முகத்திலும் ஒரு சலனம் இல்லை. ஒருவரும் கவனிக்கவில்லை!

நிம்மதிதான். ஆனாலும் இவ்வளவு கூர்மையான பிள்ளைகளுக்கா நான் மாதிரிப் பிழை சொல்லிக்கொடுக்கிறேன்?

23.1, வியாழன்

இரண்டு காலும் கறுப்பு. மூன்று முறை சரிபார்த்தேன்.

மதியம் அலுவலக உதவியாளர் முத்துசாமி வழக்கமான தாள் கட்டோடு வந்தார். அரசுக் கல்லூரி ஆசிரியர் என்றால் பச்சை மைப் பேனாவும் வட்ட முத்திரையும் உண்டு. அது எங்கே கிடைக்கும் என்று ஊருக்கே தெரியும். இவரது அக்கா மகன், அவரது பங்காளி, பஸ்ஸில் பார்த்தவர் என்று வாரா வாரம் கொண்டுவருவார். 'இவரை நான் கடந்த மூன்று ஆண்டுகளாக நேரில் அறிவேன். இவரது நடத்தை நன்று.' கீழே நான்.

அவர் புரட்டுவார், விரல் வைப்பார், "இங்க மேடம்" என்பார். நான் போடுவேன். வெள்ளை, நீலம், மஞ்சள் எனப் பல நிறத்தில் தாள்கள். இன்று பதினேழு கையெழுத்து, நான்கு நிமிடம். ஒன்றையும் படிக்கவில்லை. பதினேழு பேரும் மூன்று ஆண்டுகளாக எனக்கு நேரில் தெரிந்த நல்லவர்கள். நடுவில் ஒரு கொலைகாரன் இருந்தால் அவனும் முறைப்படி சான்றொப்பம் பெற்ற கொலைகாரன்.

5.2, புதன்

கல்லூரி வாசலில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, விற்கும் அஞ்சம்மாள் இன்று என்னை மடக்கினார். கூடையைத் தலையிலிருந்து இறக்கிவைக்க ஒருவன் வருகிறான். அதற்கு அவர் கைநாட்டு. அடுத்தவன் வந்து தூக்கித் தலையில் வைக்கிறான். கைநாட்டு. அடுத்தவன் இறக்குகிறான். ஒரு காலையில் பதினான்கு தடவை ஏறி இறங்கியதில் மல்லாட்டை ஆறிவிட்டதாம்.

அது கூடப் பரவாயில்லையாம். கட்டைவிரலைக் காட்டினார். நகக்கண் வரை நீலம். "வூட்ல மருமவ மொறைக்கிறா மேடம். எந்த நெலத்த எவனுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்னு."

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் மூன்றாமாண்டு கலைமதி வந்து வரிசையை ஒழுங்கு செய்ய ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு ஒருத்தர் ஏற்றுவது, ஒருத்தர் இறக்குவது, மற்றவன் எல்லாம் வீட்டுக்குப் போடா என்று. பெருமுக்கல்லிலிருந்து வரும் பெண். வகுப்பில் நான் கணக்கை முடிப்பதற்குள் தன் கணக்கை முடித்து, பக்கத்தில் இருப்பவளின் நோட்டையும் திருத்திவிடுவாள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மைப்பெட்டியை அவளே பையிலிருந்து எடுத்தாள். கைவசம் வைத்திருக்கிறாள்! அஞ்சம்மாளுக்கு விரல் துடைக்க மண்ணெண்ணெய் நனைத்த துணியும் வைத்திருந்தாள்.

துணிக்குத் தனியாக ஒரு கட்டம் வாங்கினாள்.

19.2, புதன்

பூவரசன் என்ற மாணவனின் அட்டையைப் பார்த்தேன். குழாய் மூடியவை போக முப்பத்தொரு நற்செயலும் ஒரே மனிதருக்கு: அவன் மாமா. மாமாவை நினைத்துக் கவலையாக இருக்கிறது.

12.3, புதன்

கலைமதி ஓய்வறைக்கு வந்து ஒரு சந்தேகம் கேட்டாள். புள்ளியியலில் அல்ல. எம்.எஸ்ஸி.க்குச் சென்னையில் ஒரு கல்லூரி. இடம் கிடைத்துவிடும் போலிருக்கிறது. அப்பாவுக்கு ஒரே நிபந்தனை, ஹாஸ்டல் கிடைத்தால்தான் அனுப்புவார். ஹாஸ்டல் விண்ணப்பத்தில் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறார்கள். அது எப்போது தருவீர்கள் என்று கேட்டாள். மே மாதம் என்றேன். 'நன்று'க்குக் கீழே என்றால் எடுக்க மாட்டார்களாம். உனக்கு என்ன கவலை, அட்டை நிறைந்துவிட்டதே என்றேன். முப்பத்தாறு தான் மேடம் என்றாள்.

போகும்போது என் மேசையை ஒழுங்குபடுத்திவிட்டுப் போனாள். வினாத்தாளைத் தேட எனக்கு அரைமணி நேரம் ஆனது.

11.4, வெள்ளி

மயிலத்தில் பங்குனி உத்திரம். கல்லூரியில் பாதிப் பேர் இல்லை. அட்டை ஒப்படைக்க நான்கு நாள்தான் இருப்பதால் மலையடியில் தங்கள் கடைசிக் கட்டங்களை நிரப்பப் போயிருக்கிறார்கள்.

ரயிலில் மயிலம் தாண்டும்போது எதிரில் இருந்த பெண்மணி புலம்பினார். ஒரே மோரை ஏழு பிள்ளைகள் சேர்ந்து கொடுத்தார்களாம். ஒருவன் டம்ளர், ஒருவன் மோர், ஒருவன் உப்பு. ஏழு கையெழுத்து. யார் வைத்த ஏற்பாடோ தெரியவில்லை என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

16.4, புதன்

நாற்பதும் நிறைந்த அட்டைகள் ஒன்பது. மனிதர்களை நம்பாதது என் தொழில். சமவாய்ப்பு எண் அட்டவணையை எடுத்து ஒவ்வோர் அட்டையிலும் நான்கு கட்டங்கள் தேர்ந்தெடுத்தேன். கையெழுத்துப் போட்டவரை நேரில் பார்ப்பது, அல்லது போனில் கேட்பது.

கலைமதியின் அட்டைக்கு வந்த எண்கள்: 3, 11, 27, 38. இருபத்தேழில் 'ஆசிரியருக்கு' என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டது. கல்லூரிக்குள்தானே, அதைக் கடைசியில் பார்க்கலாம் என்று வெளியாட்களிடம் முதலில் போகிறேன்.

17.4, வியாழன்

கட்டம் 3: அஞ்சம்மாள். கூடையை ஏற்றியதற்கா இறக்கியதற்கா என்று நினைவில்லை, ஆனால் அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, கொஞ்சம் வாய் ஜாஸ்தி என்றார். உண்மை.

கட்டம் 11: டவுன் பஸ் நடத்துநர் வேங்கடேசன். ஜன்னலோரத்துக்காக அடித்துக்கொண்ட இரண்டு பேரைச் சமாதானம் செய்தாளாம். எப்படி என்று கேட்டேன். ஜன்னலோரத்தில் அவளே உட்கார்ந்துகொண்டாளாம். சண்டை நின்றுவிட்டது. உண்மை.

கட்டம் 38: அனந்தபுரத்து ஆனந்தராஜ், காவடி எடுத்தவர். மலை ஏறும் வழி முழுக்க அட்டையால் விசிறிக்கொண்டே வந்தாளாம். வேண்டும் என்று கேட்டீர்களா என்றேன். "வாயில அலகு மேடம். வேணாம்னு மட்டும் எப்படிச் சொல்றது?" ஆனால் காற்று நன்றாக வந்தது என்று நியாயமாகச் சொன்னார். உண்மை.

21.4, திங்கள்

கட்டம் 27.

செயல்: 'ஆசிரியருக்கு ஓர் உதவி.' தேதி: 22.1. கையெழுத்து: வ. புனிதா. பச்சை மை. வட்ட முத்திரையும் உண்டு.

என் கையெழுத்து. நான் போடாத என் கையெழுத்து. நான்காம் விதியை எழுதியவளே நான், எப்படிப் போடுவேன்? 'பு'வின் வால் என்னுடையதைப் போலவே கீழே இறங்கி வளைகிறது. நல்ல போலி அப்படித்தான் இருக்கும். அசலைப் போல இருக்க இருக்கச் சந்தேகம் கூடுகிறது.

முத்திரை என் மேசை இழுப்பறையில் இருக்கும். மேசையை ஒழுங்குபடுத்தினாளே!

இத்தனை நாள் நடந்த கூத்தில் எல்லாம் சிரித்துக்கொண்டு இருந்தேன். இன்று சிரிப்பு வரவில்லை. இந்தப் பெண்ணை எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. கோபம் அதனால்தானோ?

25.4, வெள்ளி

முதல்வர் அறையில் விசாரணை. அவர், நான், கலைமதி, மேசை மேல் அட்டை.

இது யார் போட்டது என்றேன். "நீங்கதான் மேடம் போட்டீங்க" என்றாள். நான் போடவில்லை என்றேன். போட்டீங்க என்றாள். எங்கே, எப்போது? என்னைப் பார்த்தாள், முதல்வரைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். மூன்று வருடத்தில் அவள் வாய் மூடி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

சரி, அப்படி என்ன உதவி செய்தாய் எனக்கு?

"சொன்னா அது உதவியா இருக்காது மேடம்."

முதல்வர் ஊட்டியில் கற்ற அமைதியான குரலில் அரைமணி நேரம் பேசினார். அவள் அசையவில்லை. ஹாஸ்டல் போய்விடும் என்று தெரியும் அல்லவா என்று கேட்டார். தெரியும் சார் என்றாள். மேசை மேல் கோணலாகக் கிடந்த அட்டையை நேராக்கி வைத்தாள்.

முடிவு: 'திருப்தி'. குழுத் தலைவி என்ற முறையில் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துத்தான்.

26.4, சனி

சீனுவாசன் கேட்கிறார், பொய் சொல்கிறவள் ஏதாவது ஒரு கதை சொல்லித் தப்பித்திருப்பாளே, இவள் ஏன் சும்மா நின்றாள் என்று. அவருக்குப் புள்ளியியல் தெரியாது.

13.5, செவ்வாய்

விடுமுறை. சேர்க்கை வேலைக்காகப் போயிருந்தேன். முத்துசாமி கட்டு கொண்டுவந்தார். பதினொரு தாள். இங்க மேடம், இங்க மேடம். ஏழாவதில் விரல் வைத்தார். பேனா நின்றுவிட்டது. ஒட்டியிருந்த படத்தில் கலைமதி.

ஹாஸ்டல் விண்ணப்பம். கல்லூரிச் சான்றிதழ் தவிர, பச்சை மை அதிகாரி ஒருவரும் தனியாகச் சான்று தர வேண்டுமாம். 'இவரை நான் கடந்த மூன்று ஆண்டுகளாக நேரில் அறிவேன். இவரது நடத்தை நன்று.' கடைசி நாள் மே 16.

முத்துசாமிக்கு விவகாரம் தெரியாது. நம்ம ஆளுதான் மேடம், பெருமுக்கல், அவங்க அப்பா காலையிலருந்து சைக்கிள் ஸ்டாண்டுல குந்திக்கினு இருக்காரு, போட்டுடுங்க என்றார்.

முதல் ஆறு பேரை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை. ஆறு பேருடைய நடத்தையும் நன்று என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். ஏழாவது பெண்ணை உண்மையாகவே மூன்று ஆண்டுகளாக நேரில் அறிவேன். அவளுக்குத்தான் போட முடியவில்லை.

அப்பா பாண்டுரங்கனை வரச் சொன்னேன். மல்லாட்டை பிடுங்கும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவருக்கும் 'திருப்தி' விவகாரம் தெரியாது, கலைமதி சொல்லவில்லை. கையெழுத்து இன்றைக்கு இல்லை என்றேன். மறுக்காமல் எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"ஆஸ்டல்னா அனுப்புவேன் மேடம். தனியா ரூமு கீமு எடுத்துலாம் அனுப்ப மாட்டேன். இல்லன்னா வூட்ல இருந்துக்கினு ஏதாவது பரீச்ச எழுதட்டும். அது தலையெழுத்து."

மாலை. இதை எழுதத்தான் நாட்குறிப்பைத் திறந்தேன். பக்கம் தவறிப் பழைய பக்கம் ஒன்று திறந்துகொண்டது. ஜனவரி 23.

'இன்று பதினேழு கையெழுத்து, நான்கு நிமிடம். ஒன்றையும் படிக்கவில்லை.' என் கையெழுத்து. 'வெள்ளை, நீலம், மஞ்சள்.'

மஞ்சள்.

மஞ்சள் தாள் எது? அட்டையைத் தவிர இந்தக் கல்லூரியில் மஞ்சளாக வேறு என்ன இருக்கிறது?

நான்தான் போட்டிருக்கிறேன். அவள் பொய் சொல்லவில்லை. நான் போட்டதையே நான் போடவில்லை என்று... ஐயோ. முதல்வர் முன்னால் வேறு. போலி என்று சாதித்தேனே, அசல் மாதிரியே இருக்கிறது, அதனால் போலி என்று. இதற்கு ஒரு முனைவர் பட்டம் வேறு எனக்கு.

ஆனால் 27-ஆம் கட்டத்தில் தேதி 22 அல்லவா? முந்தைய பக்கத்தைப் பார்த்தேன்.

செருப்பு.

14.5, புதன்

பிரவீன்குமார் சான்றிதழ் வாங்க வந்தான். அவனும் அதே வகுப்பு. ஜனவரியில் ஒரு நாள் நான் வெவ்வேறு செருப்பு போட்டு வந்தேனே, பார்த்தீர்களா என்று நேராகக் கேட்டுவிட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, பதிலுக்குத் தண்டனை இல்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். நான் நுழைவாயிலில் வரும்போதே பார்த்துவிட்டார்களாம். வகுப்பே சிரிக்கத் தயாராக இருந்திருக்கிறது. பூவரசன் போன் எடுத்துப் படம் பிடிக்க முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"கலைமதிதான் மேடம் வாசல்ல நின்னுக்கினு கெடுபிடி பண்ணா. எவனாவது பல்லக் காட்டுனீங்க, கொழா மேட்டர மேடம்கிட்ட போட்டுக் குடுத்துடுவேன்னா."

குழாய் மேட்டர் என்ன என்றேன். அவனுக்கு வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. ஒரு நாள் பூவரசன் கோஷ்டி திறக்கும், பிரவீன்குமார் கோஷ்டி மூடும். மறுநாள் இவர்கள் திறப்பார்கள், அவர்கள் மூடுவார்கள். தண்டனை இல்லை என்று சொல்லியிருந்தேன். ஜனவரி பத்தாம் தேதி நான் கேட்ட கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது.

ஆக, நாற்பத்தைந்து பேரை மிரட்டி, இன்னொரு குற்றத்தை மறைத்து, என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். இது நல்ல நடத்தையா? அட்டையில் இதற்குக் கட்டம் கிடையாது. ஊட்டியிலும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

மதியம் அவளுக்குப் போன் செய்தேன். அட்டையைக் கட்டுக்குள் செருகியது நீதானே? ஆமா மேடம் என்றாள். ஏன் நேரில் கேட்கவில்லை? நேரில் கேட்டால் என்ன உதவி என்று கேட்பீர்களே. கட்டில் வைத்தால் நீங்கள் படிக்க மாட்டீர்கள், எல்லாருக்கும் தெரியும் என்றாள். அப்படியானால் விசாரணையில் அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன்.

"சார் முன்னாடி எப்படி மேடம் சொல்றது, நீங்க படிக்காம போடுவீங்கன்னு? அசிங்கமா இருக்காது?"

யாருக்கு அசிங்கம் என்று நான் கேட்கவில்லை.

நாளைக் காலை வா என்று மட்டும் சொன்னேன். இரண்டு காலிலும் ஒரே செருப்பு போட்டு வருகிறேன் என்றும் சொன்னேன். உடனே, இன்னைக்கு அங்க வந்த பிரவீன் எங்க மேடம் இருக்கான் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு.

15.5, வியாழன்

முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 27-ஆம் கட்டத்தில் உள்ளது என் கையெழுத்தே. படிக்காமல் போட்டேன். தவறு என்னுடையது, நான்காம் விதியை மீறியவளும் நான். எனவே அந்தக் கட்டம் மட்டும் செல்லாது. மீதி முப்பத்தொன்பது. விதிப்படி 'திருப்தி'யை நீக்கி 'நன்று' என்று திருத்தித் தர வேண்டும்.

நேரில் கொடுத்து, வேண்டிய ஏச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன். முத்துசாமி அவருக்குக் கட்டு புரட்டிக்கொண்டிருந்தார். இங்க சார், இங்க சார். என் கையில் இருந்ததையும் வாங்கிக் கட்டின் மேல் வைத்தார். முதல்வர் பேனா கீழே இறங்கியது.

"சார், அதைப் படிச்சிட்டுப் போடுங்க" என்றேன்.

"நீங்க எழுதினத நான் படிக்கணுமா மேடம்? உங்க கேரக்டர் எனக்குத் தெரியாதா?"

'ஏற்கப்பட்டது' என்று எழுதிப் போட்டுவிட்டார். இன்னொரு தடவை சொன்னேன். கையை ஆட்டி அனுப்பிவிட்டார். நான் என்ன செய்ய?

புதுச் சான்றிதழ் பதினொரு மணிக்குத் தயார். வெளியே கலைமதி. நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை. பாடம் நடத்துவதைப் போல மூன்று பகுதியாகப் பிரித்துக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவள் சான்றிதழைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நன்றுதானா மேடம்? ஒண்ணே ஒண்ணுதான் கொறையுது. இப்ப ஏதாவது ஹெல்ப் வேணுமா உங்களுக்கு?"

வேண்டாம் என்றேன்.

பிறகு அந்த ஹாஸ்டல் படிவத்தை எடுத்தேன். முழுக்கப் படித்தேன். 'இவரை நான் கடந்த மூன்று ஆண்டுகளாக நேரில் அறிவேன்.' இத்தனை வருடத்தில் இந்த வரி உண்மையாக இருப்பது இதுதான் முதல் தடவை. அடுத்த வரிக்கு வந்து நின்றேன். மைப்பெட்டி, குழாய் மேட்டர், ஜன்னலோரம், என் மேசை, எல்லாம் வந்து போயின. 'இவரது நடத்தை நன்று.' போட்டேன்.

மெதுவாகப் போட்டதாலோ என்னவோ, 'பு'வின் வால் கோணலாகப் போய்விட்டது. இதைப் பார்த்தால் யாரும் போலி என்றுதான் சொல்வார்கள்.

16.5, வெள்ளி

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார்கள். பாண்டுரங்கன் சென்னை வரை பஸ்ஸில் கொண்டுபோய் நேரில் கொடுத்தாராம். தபாலை நம்பவில்லை. இவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

18.6, புதன்

ஹாஸ்டல் கிடைத்துவிட்டது. கலைமதி செய்தி அனுப்பியிருக்கிறாள். ஓர் அறைக்கு நான்கு பேர். மற்ற மூன்று பேரின் அலமாரியை ஒழுங்குபடுத்திவிட்டாளாம். அந்த மூன்று பேருக்காக வருத்தப்பட்டேன்.

முதல்வர் அட்டைத் திட்டத்தை நிறுத்திவிட்டார். அச்சகத்தில் மஞ்சள் தாள் தீர்ந்துவிட்டது என்பது அதிகாரபூர்வமான காரணம். குழாய்கள் எல்லாம் தாமாகவே மூடியிருக்கின்றன.

25.6, புதன்

இப்போது கட்டில் வரும் ஒவ்வொன்றையும் படிக்கிறேன். ஆளைத் தெரியாவிட்டால் நேரில் வரச் சொல்கிறேன். வந்தாலும் மூன்று ஆண்டு என்பதை அடித்துவிட்டு 'பத்து நிமிடமாக' என்று எழுதுகிறேன். இந்த வாரம் இரண்டே பேர் வந்தார்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முத்துசாமிக்குப் பெரிய பேஜார். இருபது வருடமாக நல்லா இருந்த மேடம், என்னாச்சுன்னே தெரியல என்று தாவரவியல் துறையில் சொல்லியிருக்கிறார். கட்டு இப்போது அங்கே போகிறது.

30.6, திங்கள்

முதலாமாண்டு மாணவர்களுக்கு வரவேற்பு விழா. புதுப் பிள்ளைகள் இருநூறு பேர். ஒழுக்கமே உயர்வு என்பது பற்றி முதல்வர் ஒரு மணி நேரம் மேடையில் நின்று பேசினார். பேச்சு தொடங்கிய இரண்டாவது நிமிடம் அவர் உடையில் ஒன்று என் கண்ணில் பட்டது. நான் எழுந்துபோய் முதல் வரிசைக்கு எதிரே, பிள்ளைகளைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிவரை ஒருவரும் பல்லைக் காட்டவில்லை.

விழா முடிந்ததும் முதல்வர் என்னிடம் வந்தார். இந்த வருடப் பிள்ளைகள் என்ன அடக்கமாக இருக்கிறார்கள் பார்த்தீர்களா மேடம் என்றார். ஆமாம் சார் என்றேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போது அவரே கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்துகொண்டிருப்பார்.

எதை என்று எழுத மாட்டேன். இந்த நாட்குறிப்பிலும்.